ஹாம்ஸ்ட்ரிங்: ஆறிவிட்டதாகக் காட்டிக்கொள்ளும் காயம்

விளையாட்டுச் செய்திகளில் அடிக்கடி ஒரு வரி வரும்: "தொடையில் ஏற்பட்ட தசைப்பிடிப்பு காரணமாக அவர் அடுத்த போட்டியில் ஆடமாட்டார்." படிக்கிறவருக்கு உடனே ஒரு சந்தேகம் எழும். தசைப்பிடிப்பு எல்லாருக்கும்தான் வருகிறது. ராத்திரி தூக்கத்தில் கெண்டைக்காலைப் பிடித்து இழுக்கிறது, இரண்டு நிமிடம் நீவிவிட்டால் சரியாகிவிடுகிறது. அதற்குப் போய் ஆறு வாரம் ஓய்வா?

கோளாறு ஆட்டக்காரரிடம் இல்லை, அந்தச் சொல்லில் இருக்கிறது. பிடிப்பு என்பது தசை தானாக இறுகிக்கொள்வது. அதில் இழை எதுவும் அறுவதில்லை. சுளுக்கு என்பது மூட்டில், எலும்போடு எலும்பைக் கட்டியிருக்கும் நார் இழுபடுவது. தொடையின் பின்பக்கத் தசைகளான ஹாம்ஸ்ட்ரிங்கில் வரும் காயம் இந்த இரண்டிலும் சேராது. அது கிழிசல். கொஞ்சம் இழைகள் மட்டும் அறுந்தாலும் கிழிசல்தான், மொத்தமாக எலும்பிலிருந்து பிய்ந்து வந்தாலும் கிழிசல்தான். காயம்பட்ட பலர் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டதாகச் சொல்வார்கள். யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்துவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தவர்களும் உண்டு.

இந்தச் சொல் குழப்பம் செய்தியாளர்களுக்கு மட்டும் உரியதல்ல. 2017 ஆகஸ்ட் 12 அன்று லண்டனில் உலகத் தடகளப் போட்டியின் 4×100 மீட்டர் தொடர் ஓட்டம். உசைன் போல்ட்டின் கடைசிப் பந்தயம் அது. கடைசிக் கட்டத்தை ஓட வந்தவர் பாதியிலேயே நொண்டி, தடுமாறி, ஓடுபாதையில் விழுந்தார். தசைப்பிடிப்பு என்றுதான் அணியின் மருத்துவர் அப்போது சொன்னார். போல்ட் நடிக்கிறாரோ என்று பேச்சு கிளம்ப, சில நாட்களில் அவரே தன் மருத்துவ அறிக்கையை வெளியிட்டார். இடது தொடையின் பின்பக்கத்தில், தசையும் அதை எலும்போடு கட்டும் நாணும் சேரும் இடத்தில் கிழிசல். மூன்று மாத சிகிச்சை. உலகிலேயே வேகமான மனிதருக்கு நடந்ததைக் கூடப் 'பிடிப்பு' என்று சொல்லிக் கடந்துவிட முடிந்திருக்கிறது.

தமிழில் தொடைப் பின்தசை என்று சொல்லலாம், தவறில்லை. ஆனால் மைதானத்திலும் பிசியோவின் மேசையிலும் வர்ணனையிலும் புழங்குவது ஹாம்ஸ்ட்ரிங்தான் என்பதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

முழங்காலுக்குப் பின்னால் இரண்டு கயிறு

நாற்காலியில் உட்கார்ந்தபடியே குதிகாலைத் தரையில் அழுத்திப் பின்னால் இழுக்கப் பாருங்கள். அப்போது முழங்காலுக்குப் பின்னால் கையை வைத்தால், இரண்டு பக்கமும் கயிறு போல விறைத்து நிற்கும் நாண்கள் தட்டுப்படும். பெயரே அங்கிருந்து வந்ததுதான். 'ஹாம்' என்பது பழைய ஆங்கிலத்தில் முழங்காலின் பின்மடிப்பைக் குறித்தது. 'ஸ்ட்ரிங்' என்றால் கயிறு. அந்தக் காலப் போர்களில் எதிரியின் குதிரைகளைக் கொல்லாமல் முடமாக்க நினைத்தால் பின்னங்கால் நாணை வெட்டிவிடுவார்கள். அந்தச் செயலுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான்.

ஹாம்ஸ்ட்ரிங் ஒரே தசை அல்ல, மூன்று. வெளிப்பக்கமாக பைசெப்ஸ் ஃபெமோரிஸ். உள்பக்கமாக செமிடெண்டினோசஸ், செமிமெம்ப்ரனோசஸ். உட்காரும்போது நம் எடையைத் தாங்குகிற இடுப்பெலும்பின் முனை இருக்கிறதே, அங்கே தொடங்கி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, முழங்காலையும் தாண்டி கீழ்க்கால் எலும்புகளில் போய்ச் சேர்கின்றன. பைசெப்ஸுக்கு மட்டும் இரண்டு தலைகள். நீண்ட தலை மற்றவற்றோடு இடுப்பிலிருந்து வருகிறது. குட்டைத் தலை தொடை எலும்பிலேயே தொடங்கி முழங்காலோடு முடிகிறது. இந்த விவரம் பாடப்புத்தகச் சுமை போலத் தோன்றலாம். ஆனால் பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது. குட்டைத் தலையைத் தவிர மற்ற எல்லாமே இடுப்பு, முழங்கால் என்று இரண்டு மூட்டுகளைக் கடக்கின்றன. இடுப்பு மடங்கினாலும் இழுபடும், முழங்கால் நீண்டாலும் இழுபடும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால்?

வேகமாக ஓடும்போது ஒவ்வொரு எட்டிலும் அதுதான் நடக்கிறது.

ஓடுகிறவர் காலை முன்னால் வீசுகிறார். தொடை மேலே எழுந்துவிட்டது, இடுப்பு மடங்கியிருக்கிறது. கீழ்க்கால் சாட்டை நுனி போல முன்னால் பாய்கிறது. அதை யாராவது பிடித்து நிறுத்தாவிட்டால் முழங்கால் மூட்டு அதன் எல்லையில் போய் மோதும். பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில், ஹாம்ஸ்ட்ரிங் பிரேக் போடுகிறது. கீழ்க்காலை நிறுத்தி, திருப்பி, தரையை நோக்கிப் பின்னால் இழுக்கிறது. தசை என்றால் சுருங்கி வேலை செய்வது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே நீண்டுகொண்டே இழுக்க வேண்டியிருக்கிறது. கிணற்றுக் கயிறு கையிலிருந்து நழுவி ஓடும்போது விட்டுவிடாமல் இறுக்கிப் பிடிக்கிற நிலை அது. கையில் தோல் உரிவதும் அப்போதுதான்.

கணினி மாதிரிகளை வைத்துச் செய்த கணக்குகளின்படி, முழு வேக ஓட்டத்தில் பைசெப்ஸின் நீண்ட தலை, நிமிர்ந்து நிற்கும்போது இருக்கிற நீளத்தைவிட ஏறக்குறைய 10 சதவீதம் நீள்கிறது. மற்ற இரண்டு தசைகளும் கொஞ்சம் குறைவாக நீள்கின்றன. ஓட்டத்தில் கிழிவது பெரும்பாலும் இந்த நீண்ட தலைதான் என்பதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று வேகத்தின் கணக்கு. வீசப்படும் காலின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் 10 சதவீதம் கூடினால் நிறுத்த வேண்டிய ஆற்றல் 21 சதவீதம் கூடிவிடும். மெதுவாக ஓடும்போது ஹாம்ஸ்ட்ரிங்குக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதும், கடைசி ஒரு பங்கு வேகத்தைக் கூட்டும்போது கிழிவதும் இதனால்தான். பாதம் தரையில் மோதும் தருணத்தில்தான் கிழிகிறது என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். இரண்டு தருணங்களுக்கும் நடுவே இருப்பது வினாடியில் ஒரு துளி நேரம் என்பதால் அந்த வழக்கு முடிந்தபாடில்லை.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பிரிட்டன் ஓட்டக்காரர் டெரிக் ரெட்மண்ட் 400 மீட்டர் அரையிறுதியில் பாதி வழியில் நின்றுபோனதையும், அவரது அப்பா தடுப்பைத் தாண்டி ஓடிவந்து தோள்கொடுத்து எல்லைக்கோடு வரை கூட்டிச்சென்றதையும் பார்த்துக் கண் கலங்காதவர்கள் குறைவு. அடுத்த முறை அந்தக் காட்சியைப் பார்க்கும்போது, அப்பா வருவதற்கு முந்தைய சில வினாடிகளைக் கவனியுங்கள். யாரும் இடிக்கவில்லை, கால் இடறவில்லை. நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தவர் சட்டென்று தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நொண்டுகிறார். ஹாம்ஸ்ட்ரிங் கிழிவது எப்படியிருக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

மெதுவாகக் கிழிவது இன்னும் மோசம்

ஓடாமலும் கிழியும். காலை உயரத் தூக்கி நீட்டும் நடனக்காரர்கள், சறுக்கிப் பந்தை எடுக்கும் ஆட்டக்காரர்கள், கால்களை அகல விரித்துத் தரையோடு உட்காரும் ஜிம்னாஸ்ட்கள் ஆகியோருக்கு வருவது இந்த வகை. ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் ஆஸ்க்லிங் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 18 குறுவேக ஓட்டக்காரர்களையும் 15 நடனக்காரர்களையும் தொடர்ந்து கவனித்தார்கள். ஓட்டக்காரர்களுக்குக் கிழிந்தது பைசெப்ஸின் நீண்ட தலை. நடனக்காரர்களுக்குக் கிழிந்தது செமிமெம்ப்ரனோசஸின் மேல்நாண், உட்காரும் எலும்புக்குப் பக்கத்திலேயே.

வேடிக்கை என்னவென்றால், முதல் நாளில் ஓட்டக்காரர்களின் நிலைதான் படுமோசமாகத் தெரிந்தது. நடக்கவே சிரமம். நடனக்காரர்கள் "ஏதோ இழுத்துக்கொண்டது" என்ற அளவில்தான் இருந்தார்கள். ஆனால் பழைய நிலைக்குத் திரும்ப ஓட்டக்காரர்களுக்கு இடைநிலை அளவாக 16 வாரம் ஆனது. நடனக்காரர்களுக்கோ 50 வாரம். கிட்டத்தட்ட ஒரு வருடம். சதைக்கு ரத்த ஓட்டம் தாராளம், சீக்கிரம் ஆறும். நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. முதல் நாள் வலியை வைத்து இந்தக் காயத்தை எடைபோடுவது எவ்வளவு தவறு என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

மொத்தமாகப் பிய்ந்து வருவது தனி ரகம். மூன்று நாண்களும் இடுப்பெலும்பிலிருந்து கழன்றுவிட்டால் தொடை முழுக்க ரத்தம் கட்டிக் கருநீலமாகும், உட்காரவே முடியாது. அப்போது அறுவை சிகிச்சைதான் பெரும்பாலும் பேச்சுக்கு வரும். நீர்ச்சறுக்கு ஆடுபவர்களுக்கு இது வருவதுண்டு. நடுவயதில், வருடக்கணக்கில் ஓடாமல் இருந்துவிட்டு, பிள்ளையின் பள்ளி விளையாட்டு விழாவில் பெற்றோர் பந்தயத்தில் திடீரென்று பாய்கிற அப்பாக்களும் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. வளரும் பிள்ளைகளுக்கு வேறு கதை. இடுப்பெலும்பின் அந்த முனை பதின்ம வயதில் இன்னும் முழுதாக ஒட்டியிருக்காது. தசை கிழிவதற்குப் பதிலாக எலும்புத் துண்டே பெயர்ந்து வரலாம். பதினைந்து வயது ஓட்டக்காரர் தொடையின் பின்பக்கம், மேல்முனையில் வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே பார்க்காமல் "சதை இழுத்திருக்கும், போ" என்று அனுப்பிவிடக்கூடாது.

ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

நெடுங்காலமாகக் காயத்தை முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று மூன்றாகப் பிரித்துவந்தார்கள். கொஞ்சம், பாதி, முழுசு. அவ்வளவுதான். 2014-இல் பிரிட்டிஷ் தடகள மருத்துவக் குழுவினர் ஒரு புதிய வகைப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். எவ்வளவு கிழிந்தது என்பதற்கு 0 முதல் 4 வரை எண். எங்கே கிழிந்தது என்பதற்கு ஏ, பி, சி என்று எழுத்து. தசையின் வெளியுறை ஓரம் என்றால் ஏ. சதையும் நாணும் சேரும் இடம் என்றால் பி. நாணுக்கு உள்ளேயே கிழிந்திருந்தால் சி. அனுபவத்தில் எண்ணைவிட எழுத்துதான் அதிகம் பேசுகிறது என்று தெரிந்தது. சி என்று வந்துவிட்டால் நாட்கள் நீளும், திரும்பவும் கிழியும் வாய்ப்பும் கூடும்.

ஆனால் ஸ்கேனைப் பார்த்து "22 நாள்" என்று சொல்லிவிட முடியாது. ஒரே மாதிரிப் படம் உள்ள இருவரில் ஒருவர் மூன்று வாரத்தில் ஓடுவார், இன்னொருவர் இரண்டு மாதம் எடுப்பார். தொடையின் பின்பக்கம் வலித்தும் ஸ்கேனில் ஒன்றுமே தெரியாதவர்களும் நிறைய. அவர்களில் சிலருக்குக் கீழ்முதுகிலிருந்தோ சயாட்டிக் நரம்பிலிருந்தோ வருகிற வலியாக இருக்கும். அந்த நரம்பு இந்தத் தசைகளுக்கு நடுவில்தான் இறங்குகிறது. ஆகவே அனுபவமுள்ள பிசியோ, எங்கே வலிக்கிறது, எப்படி வந்தது, எவ்வளவு நீளத்துக்குத் தொட்டால் வலிக்கிறது என்று கேட்பதையும் கையால் பார்ப்பதையும் விட்டுவிடுவதில்லை.

வலி முதலில் போய்விடுகிறது

இந்தக் காயத்தின் உண்மையான தொல்லைக்கு இப்போது வருகிறேன். ஒரு வாரத்தில் நடக்க முடிகிறது. பத்து நாளில் மெல்ல ஓட முடிகிறது. "சரியாகிவிட்டது" என்று ஆட்டக்காரர் நினைக்கிறார், மனதார நினைக்கிறார், பொய் சொல்லவில்லை. நடப்பதற்கும் மெதுவாக ஓடுவதற்கும் அந்த பிரேக் தேவையில்லை என்பதுதான் விஷயம். தேவைப்படாத வரை அது பழுதாகியிருப்பது தெரியவும் செய்யாது.

2021 ஜனவரியில் சிட்னி டெஸ்டின் கடைசி நாளை நினைத்துப் பாருங்கள். ஹனுமா விஹாரிக்கு ஹாம்ஸ்ட்ரிங் கிழிந்துவிட்டது. அப்படியும் அஸ்வினோடு சேர்ந்து 40 ஓவருக்கு மேல் நின்று, 161 பந்துகளில் 23 ரன்னோடு ஆட்டமிழக்காமல் இந்தியாவுக்கு டிரா வாங்கிக்கொடுத்தார். மன உறுதி என்று எல்லாரும் எழுதினார்கள், அதில் மறுப்பில்லை. அதோடு இன்னொன்றும் இருக்கிறது: கிரீஸில் நின்று தடுத்தாடுவதற்கு முழு வேக ஓட்டம் வேண்டாம். ரன் ஓடுவதுதான் முடியாமல் போனது, அதை அவர்கள் கிட்டத்தட்ட நிறுத்தியே விட்டார்கள். அடுத்த பிரிஸ்பேன் டெஸ்டில் விஹாரி ஆடவில்லை. மணிக்கணக்கில் நிற்க முடிந்த கால், ஒரு வேக ஓட்டத்துக்கு உதவாது.

உள்ளே நடப்பது இது. கிழிந்த இடத்தில் ரத்தம் கசிந்து வீங்குகிறது. சேதமான இழைகளை உடம்பு சுத்தம் செய்கிறது. தசையை ஒட்டி உறங்கிக்கொண்டிருக்கும் செல்கள் விழித்துப் புது இழைகளை உண்டாக்குகின்றன. கூடவே இடைவெளியை அடைக்கத் தழும்புத் திசுவும் வளர்கிறது. தழும்பு உறுதியானது, ஆனால் சதையைப் போல நீண்டு கொடுக்காது. பக்கத்தில் இருக்கும் நல்ல இழைகள்தான் அந்தக் குறையையும் சேர்த்து இழுபட வேண்டும். போதாததற்கு மூளையும் அந்தத் தசைக்கு முழு உத்தரவு கொடுக்கத் தயங்குகிறது. முக்கியமாகத் தசை நீண்டிருக்கும் நிலையில்தான் இந்தத் தயக்கம். காயம் ஆறிப் பல மாதம் கழித்தும் பைசெப்ஸின் நீண்ட தலை சிறுத்தும், அதை ஈடுகட்ட குட்டைத் தலை பெருத்தும் இருப்பதை ஸ்கேன்களில் பார்த்திருக்கிறார்கள்.

ஆக, வலி போன பிறகு மிஞ்சுவது பலவீனமான, குட்டையான, மூளையே முழுதாக நம்பாத ஒரு தசை. அதை எடுத்துக்கொண்டு முழு வேகத்தில் ஓடினால் என்ன ஆகும்? 71,000-க்கும் மேற்பட்ட விளையாட்டு வீரர்களின் தரவுகளைத் தொகுத்து 2020-இல் வந்த ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. முன்பு எப்போதாவது ஹாம்ஸ்ட்ரிங் கிழிந்தவருக்கு மறுபடி கிழியும் ஆபத்து மற்றவர்களைவிட 2.7 மடங்கு, அண்மையில் கிழிந்தவருக்கு 4.8 மடங்கு. வயது கூடுவதும், முழங்காலின் ஏ.சி.எல். நார் முன்பு அறுந்திருப்பதும், கெண்டைக்கால் தசை முன்பு கிழிந்திருப்பதும் கூட ஆபத்தைக் கூட்டுகின்றன.

கால்பந்தில், அப்போது மான்செஸ்டர் சிட்டிக்கு ஆடிய கெவின் டி ப்ருய்னவின் 2023 இதற்குப் பொருத்தமான உதாரணம். ஜூனில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் ஹாம்ஸ்ட்ரிங் பிரச்சினையால் முதல் பாதியிலேயே வெளியேறினார். இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்டில் பிரீமியர் லீக்கின் முதல் ஆட்டம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, மறுபடியும் அதே. இந்த முறை அறுவை சிகிச்சை வரை போய், மறுபடி களமிறங்க 2024 ஜனவரி ஆகிவிட்டது. இங்கிலாந்து கால்பந்து வீரர் மைக்கேல் ஓவனின் கதை இன்னும் பழையது. 1999 ஏப்ரலில், 19 வயதில், லீட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் கிழிந்தது. அதன் பிறகு தன் வேகம் பழையபடி வரவே இல்லை என்று அவரே பல முறை சொல்லியிருக்கிறார்.

ஐஸ், ஊசி, ஓய்வு

காயம்பட்டதும் ஐஸ் வை, ஓய்வெடு என்பதே பல பத்தாண்டுகளாக வேதவாக்கு. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற அந்தச் சூத்திரத்தை 1978-இல் பிரபலப்படுத்திய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், பிற்காலத்தில் ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று தன் கருத்தையே மாற்றிக்கொண்டார். முதல் ஓரிரு நாள் வலிக்காக ஐஸ் வைப்பதில் தப்பில்லை. வாரக்கணக்கில் காலை அசைக்காமல் வைத்திருப்பதுதான் தப்பு. டென்மார்க்கில் தொடையிலோ கெண்டைக்காலிலோ தசை கிழிந்த 50 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு இரண்டாம் நாளும் மற்றதற்கு ஒன்பதாம் நாளும் பயிற்சியைத் தொடங்கிப் பார்த்தார்கள். முதல் பிரிவு 62.5 நாளில் விளையாட்டுக்குத் திரும்பியது, இரண்டாவது 83 நாளில். தொடக்கத்தில் ஒரே ஒரு வாரம் சும்மா இருந்ததற்கு, முடிவில் மூன்று வாரம் அபராதம்.

ரத்தத்திலிருந்து தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்தெடுத்து, கிழிந்த இடத்தில் ஊசியாகப் போடும் பி.ஆர்.பி. சிகிச்சைக்கு ஒரு காலத்தில் பெரிய வரவேற்பு இருந்தது. நெதர்லாந்தில் 80 பேரை வைத்து, பாதிப் பேருக்கு உண்மை ஊசியும் பாதிப் பேருக்கு வெறும் உப்புநீரும் போட்டுப் பார்த்தார்கள். யாருக்கு எது என்று ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. 2014-இல் முடிவு வந்தது. இரண்டு பிரிவுக்கும் 42 நாள். உப்புநீரின் விலையை யோசித்துப் பார்த்தால் இது நல்ல செய்திதான்.

உண்மையில் பலன் தருவது, தசையை நீண்ட நிலையில் வைத்து வேலை வாங்குவது. ஆஸ்க்லிங் ஸ்வீடனின் முன்னணிக் கால்பந்து வீரர்கள் 75 பேரிடம் இதைச் சோதித்தார். நீளவைத்தே வலுவூட்டும் பயிற்சி செய்தவர்கள் சராசரியாக 28 நாளில் திரும்பினார்கள். வழக்கமான பயிற்சி செய்தவர்களுக்கு 51 நாள் ஆனது.

மருந்து இருக்கிறது, சாப்பிட ஆள் இல்லை

தடுக்க முடியுமா? முடியும். அதற்குக் கருவி கூட வேண்டாம். முழங்காலில் நிற்க வேண்டும். பின்னால் ஒருவர் இரண்டு கணுக்காலையும் அழுத்திப் பிடித்துக்கொள்ள, முழங்காலிலிருந்து தலை வரை உடம்பை நேராக வைத்தபடி, முடிந்தவரை மெதுவாக முன்னால் சாய வேண்டும். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் விழுவோம், அப்போது கையை ஊன்றிக்கொள்ளலாம். நார்டிக் பயிற்சி என்று பெயர். இதிலும் ஹாம்ஸ்ட்ரிங் செய்வது நீண்டுகொண்டே பிரேக் போடும் அதே வேலை.

டென்மார்க்கில் 50 அணிகள், 942 கால்பந்து வீரர்கள். பாதி அணிகள் வழக்கமான பயிற்சியோடு 10 வாரம் நார்டிக்கும் செய்தன. அந்தப் பக்கம் 15 காயங்கள். செய்யாத பக்கம் 52. 2011-இல் வந்த முடிவு இது. பின்னர் 2019-இல் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோதும் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாகவே தெரிந்தது. விளையாட்டு மருத்துவத்தில் இவ்வளவு தெளிவான விடை கிடைப்பது அபூர்வம்.

ஏன் பலிக்கிறது என்பதற்கும் ஓரளவு விளக்கம் இருக்கிறது. தசை இழைக் கற்றைகள் குட்டையாக இருந்தவர்களுக்கு ஆபத்து நான்கு மடங்கு என்று ஆஸ்திரேலியத் தொழில்முறைக் கால்பந்து வீரர்களிடம் 2016-இல் கண்டார்கள். நார்டிக் பயிற்சி அந்தக் கற்றைகளை நீளமாக்குகிறது. நிறுத்தினால் சில வாரத்திலேயே பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். ஆனால் தொடர்ந்து செய்வதென்றால் கொஞ்சமே போதும், கொத்துக் கொத்தாகச் செய்யத் தேவையில்லை.

அப்படியானால் காயங்கள் குறைந்திருக்க வேண்டுமே? ஐரோப்பாவின் முன்னணிக் கால்பந்து அணிகளை 2001 முதல் தொடர்ந்து கவனித்துவரும், ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஈஎஃப்ஏவின் ஆய்வு உண்டு. முதல் பருவத்தில் எல்லாக் காயங்களிலும் ஹாம்ஸ்ட்ரிங்கின் பங்கு 12 சதவீதம். 2021-22 பருவத்தில் 24 சதவீதம். இருபது வருடத்தில் இரண்டு மடங்கு! அதில் 61 சதவீதம் ஓட்டத்தில் வந்தவை. ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவானவை பழைய காயம் திரும்பி வந்தது. அப்படித் திரும்பியவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், ஆட்டக்காரர் களத்துக்கு வந்த இரண்டே மாதத்துக்குள்.

காரணம் தேடியவர்கள் ஐரோப்பாவின் பெரிய அணிகளையும் நார்வேயின் முதல் பிரிவு அணிகளையுமாக 50 அணிகளைக் கேட்டார்கள். நார்டிக் பயிற்சியைச் சொன்னபடி முழுதாகச் செய்தவை பத்தில் ஒன்றுதான். செய்யாததற்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் மனிதத்தனமானவை. முதல் இரண்டு வாரம் தொடை கடுமையாக வலிக்கும். வாரம் இரண்டு ஆட்டம் இருக்கும்போது எந்த நாளில் செய்வது? ஆட்டத்துக்கு முந்தைய நாள் வீரருக்குத் தொடை வலித்தால் எந்த கோச்சும் பொறுத்துக்கொள்ள மாட்டார். தவிர, முழங்காலில் நின்று முன்னால் விழுவதில் சுவாரசியம் என்ன இருக்கிறது? பந்தும் இல்லை, போட்டியும் இல்லை.

பழியை முழுக்க அவர்கள் மேல் போடவும் முடியாது. ஆட்டத்தின் வேகம் கூடிவிட்டது. ஒரு ஆட்டத்தில் முழு வேகப் பாய்ச்சல்கள் முன்பைவிட அதிகம். போட்டி அட்டவணையில் மூச்சுவிட இடமில்லை. கிரிக்கெட்டிலும் இதே திசைதான். நான்கு ஓவர் போட்டுவிட்டு எல்லைக்கோட்டில் போய் நிற்கும் வேகப்பந்து வீச்சாளர், ஐந்து நிமிடம் உடம்பு ஆறிய பிறகு, திடீரென்று 30 மீட்டர் பாய வேண்டியிருக்கிறது.

பயந்துபோய் வேக ஓட்டத்தையே பயிற்சியில் தவிர்ப்பவர்களுக்கு வேறு விதத்தில் ஆபத்து காத்திருக்கிறது. பயிற்சியில் ஒருபோதும் முழு வேகத்தைத் தொடாதவர் ஆட்டத்தில்தான் முதன்முதலாகத் தொடுவார். அதிகபட்ச வேகத்துக்கு மிக அருகில் அளவோடு ஓடிப் பழகுவதே ஒருவகைத் தடுப்பூசி என்று பல பயிற்சியாளர்கள் இப்போது சொல்கிறார்கள். அளவோடு என்பது முக்கியம். நாலு வாரம் கொஞ்சமாக ஓடிவிட்டு ஐந்தாம் வாரம் இரண்டு மடங்கு ஓடினால் அதுவே காயத்துக்கு அழைப்பு. வெறும் ஸ்ட்ரெட்ச்சிங் மட்டும் செய்து தப்பித்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு அவ்வளவாக ஆதாரம் இல்லை. தொடை 'டைட்'டாக இருக்கிறது என்று சொல்கிற பலருக்கு உண்மையில் அது பலவீனத்தின் அறிகுறி.

சரி, எப்போது திரும்பலாம்? ரசிகர்கள் கேட்பது தேதி. பிசியோ பார்ப்பது வேறு: தொட்டால் வலி இல்லையா, இரண்டு காலும் ஒரே அளவு நீள்கிறதா, நீண்ட நிலையில் வலு சமமா, முழு வேகத்தில் பல முறை ஓடியாகிவிட்டதா. இதெல்லாம் தேறிய பிறகும் ஆஸ்க்லிங் ஒரு கடைசிச் சோதனை வைத்திருந்தார். மல்லாக்கப் படுக்க வேண்டும். முழங்கால் மடங்காமல் பட்டை கட்டிவிடுவார்கள். நீட்டிய காலை முடிந்த வேகத்தில், முடிந்த உயரத்துக்கு வீசித் தூக்க வேண்டும். அதன் பிறகு அவர் கேட்டது வலித்ததா என்று மட்டும் அல்ல. தூக்கும்போது உள்ளுக்குள் பயமாக இருந்ததா என்று. மற்ற எல்லாச் சோதனையிலும் தேறியவர்கள் பலர் இதற்கு ஆமாம் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களை ஆட்டத்துக்கு அனுப்பவில்லை. மேலும் சில நாள் பயிற்சி, மறுபடி சோதனை, பயம் போகும் வரை. மேலே சொன்ன 75 பேரும் இந்த வழியில்தான் களத்துக்குப் போனார்கள். அதன் பிறகு மறுபடி கிழிந்தது ஒரே ஒருவருக்கு.